பேலன்ஸ் என்னும் சொல்லும் நம் வீட்டுத் தமிழும்

விருந்தாக வந்து வீட்டுக்காரரை வெளியேற்றும் சொற்கள் சில உண்டு. அத்தகைய சொல் ஒன்றைப் பற்றியே இம்மலரின் வாயிலாகத் தமிழ்ப் பெருமக்கள் முன் சில கருத்துகளை வைக்க விழைகின்றோம். ‘பேலன்ஸ்’ என்பது அச்சொல். மைசூர் நகரப் பேருந்தில் ஏறினால் நடத்துநரிடம் நாம் கேட்டு வாங்குவது பேலன்ஸ். வங்கிக் கணக்கில் இருப்பதும் இல்லாததும் பேலன்ஸ். மிதிவண்டி பழகும் சிறுவனுக்கும் பேலன்ஸ். நோயாளிக்கு மருத்துவர் எழுதித் தரும் உணவுப் பட்டியலிலும் பேலன்ஸ். இவையெல்லாம் பொறுக்கத் தக்கனவே. ஆனால் அச்சொல் நம் வீட்டுக் கூடத்தில் வந்தமர்ந்து, நம் பிள்ளைகள் எம்மொழி பேசுவது என்னும் வழக்கில் தீர்ப்புரைக்கத் தொடங்கியிருக்கிறதே, அதனைப் பொறுத்தல் தகுமா?

அண்மையில் நம்மவர் கூடிய ஒரு பொங்கல் நிகழ்ச்சியில் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி தமிழ்ப் பாட்டொன்றை இனிமையாகப் பாடினாள். அவை மகிழ்ந்து கைதட்டியது. அவள் கையிலிருந்த தாளைப் பார்த்தோம். பாட்டு முழுவதும் ஆங்கில எழுத்தில் எழுதப்பட்டிருந்தது. தந்தையாரை வினவினோம். “என்னங்க செய்யறது? ஸ்கூல்ல கன்னடம், இங்கிலீஷ், இந்தி மூணும் இருக்கு. எல்லாத்தையும் பேலன்ஸ் பண்ண வேண்டியிருக்கே” என்றார். கும்பகோணத்திலிருந்து வந்திருந்த பாட்டியார், பேத்தியை அருகழைத்து ஏதோ கேட்டார். சிறுமி தாயின் முகத்தைப் பார்த்தாள். தாய் அதனை ஆங்கிலத்தில் எடுத்துரைத்தார். பாட்டிக்கும் பேத்திக்கும் இடையே ஒரு துபாஷி!

அத்தந்தையார் ஒருவரை மட்டும் நாம் குறை கூற வரவில்லை. நம்மில் பலர் வீட்டில் நிகழ்வது இதுவே. அதனால்தான், அவர் வாயில் வந்த அச்சொல்லை எடுத்து ஆராய வேண்டியுள்ளது.

சொல்லின் பிறப்பும் பிறழ்வும்

இவ்வாங்கிலச் சொல் இலத்தீன் மொழியில் ‘பைலாங்க்ஸ்’ என்னும் சொல்லில் வேர் கொண்டு, பிரெஞ்சு வழியாக ஆங்கிலம் புகுந்தது. ‘பை’ என்றால் இரண்டு. ‘லாங்க்ஸ்’ என்றால் தட்டு. ஆகவே இரு தட்டுடைய துலாக்கோல் என்பதே அதன் முதற்பொருள். எதிரெதிரே நிற்கும் இரு விசைகள் ஒன்றையொன்று வெல்லாது ஒத்து நிற்கும் நிலையைக் குறித்தது பின்னர் விரிந்த பொருள். இந்நிலையை நாம் சமநிலை என்கிறோம். ‘ஞமன்’ என்னும் பழந்தமிழ்ச் சொல் துலாக்கோலின் சமன்வாயைக் குறித்தது. சீர்தூக்குதல், நடுவு நிற்றல், ஒப்ப நாடல் என இக்கருத்துக்கு நம்மிடம் சொற்பஞ்சம் என்றுமே இருந்ததில்லை.

ஆயின், பேருந்தில் நாம் கேட்கும் பேலன்ஸ் சமநிலையன்று, மீதிச் சில்லறை. ஒரே சொல்லுக்குச் சமநிலை, மீதி என இரு பொருள் எவ்வாறு வந்தன? கணக்குப் புத்தகத்தின் வழி வந்தன. 1494ஆம் ஆண்டில் வெனிசு நகரில் அச்சான நூலொன்றில் லூக்கா பசியோலி என்னும் துறவி, பற்றும் வரவும் எதிரெதிர்ப் பக்கங்களில் எழுதப்படும் இரட்டைப் பதிவு முறையை விளக்கினார். அம்முறையில், இரு பக்கத்துத் தொகையும் ஒத்து நிற்கக் குறைந்த பக்கத்தில் எவ்வளவு சேர்க்க வேண்டுமோ அவ்வளவே பேலன்ஸ். சமன் செய்ய உதவிய அத்தொகை, நாளடைவில் எஞ்சி நின்ற தொகையின் பெயராகிவிட்டது. நம் வணிகர் இதற்கு இருப்பு என்றும், ஆண்டுக் கணக்கின் முடிவுக்கு ஐந்தொகை என்றும் பெயரிட்டுப் பொருள் குழம்பாமல் காத்தனர். நாமோ இரு பொருளையும் ஒரு சொல்லில் அடைத்துக்கொண்டு வீட்டில் இடறி விழுகின்றோம்.

எவ்வாறு எனில், ‘மொழிகளைப் பேலன்ஸ் செய்கிறோம்’ என்று நாம் கூறும்போது சமநிலை என்னும் பொருளில் தொடங்குகிறோம். செயலிலோ, காலை முதல் மாலை வரை பள்ளி, பின்னர்த் தனிப்பயிற்சி, பின்னர் வீட்டுப்பாடம், பின்னர்த் தொலைக்காட்சியும் கைப்பேசியும் எனப் பொழுதெல்லாம் பிறவற்றுக்கு அளித்து, எஞ்சியதைத் தமிழுக்கு விடுகிறோம். பெரும்பாலும் எஞ்சுவது ஒன்றுமில்லை. சமநிலை என்று தொடங்கியது மீதி என்று முடிகிறது. நம் வீட்டில் தாய்மொழிக்குக் கிடைப்பது நடத்துநர் மறந்துபோன சில்லறையே!

துலாக்கோல் எங்கே உரியது?

துலாக்கோலை நாம் பழிக்கவில்லை. திருவள்ளுவர் அறத்துப்பாலின் பன்னிரண்டாம் அதிகாரத்தை நடுவு நிலைமைக்கென வகுத்து, அதற்குத் துலாக்கோலையே உவமையாக்கினார். ஆனால் அஃது இரு கட்சியாருக்கு நடுவே அமர்ந்து முறை செய்வார்க்கு உரிய கருவி. பங்கிடப் பங்கிடக் குறையும் பொருளுக்கு உரிய கருவி. அவ்விடத்தில் அது மிக மிக வேண்டும்.

காவிரியையே எடுத்துக்கொள்வோம். மைசூர் அரசும் சென்னை அரசும் 1892இலும் 1924இலும் உடன்படிக்கை செய்துகொண்டன. 1990இல் நடுவர் மன்றம் அமைந்தது. 2007இல் அதன் இறுதித் தீர்ப்பு வந்தது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதனைத் திருத்தியது. 740 ஆயிரம் மில்லியன் கன அடி என்னும் மொத்தத்தில் தமிழ்நாட்டுக்கு 404.25, கருநாடகத்துக்கு 284.75, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7 எனப் பகுத்து, எஞ்சிய 14ஐச் சூழல் காப்புக்கும் கடலிற் சேர்வதற்கும் ஒதுக்கினர். நடுவர் மன்றம் தமிழ்நாட்டுக்கு அளித்ததில் 14.75ஐக் குறைத்தே உச்ச நீதிமன்றம் கருநாடகத்தின் பங்கைக் கூட்டியது. ஒரு தட்டு ஏறினால் மறுதட்டு இறங்கியே தீரும். நீர் அத்தன்மையது.

மொழி அத்தன்மையதா? ஒரு பிள்ளை கன்னடத்தில் நூறு சொல் கற்றால் தமிழில் நூறு சொல் வற்றிப்போகுமா? நீருக்குரிய கணக்கை நாவுக்குப் போட்டதே நம் முதற்பிழை. இப்பிழைக்குப் பின்னே அச்சமும் உண்டு என்பதை மறைக்க வேண்டுவதில்லை. 1991 டிசம்பரில் காவிரிச் சிக்கலால் பெங்களூரிலும் தென் கருநாடகத்தின் வேறிடங்களிலும் தமிழர் பட்ட இன்னல்களை நம் மூத்தோர் மறக்கவில்லை. அன்று கடைத்தெருவில் தாழ்ந்த குரல், ஆண்டுகள் கடந்து வீட்டிற்குள்ளும் தாழ்ந்தே ஒலிக்கிறது. தெருவில் அஞ்சியது காலத்தின் கோளாறு. அடுக்களையிலும் அஞ்சுவது நம் கோளாறு.

சமநிலை என்னும் சொல்லை வலியார் எவ்வாறு ஆண்டனர் என்பதற்கு நம் நகருக்கு அருகிலேயே சான்று உண்டு. 1792 மார்ச்சில் சீரங்கப்பட்டணத்தில் கார்ன்வாலிசு பிரபு திப்பு சுல்தானோடு உடன்படிக்கை செய்தார். திப்புவை முற்றாக வீழ்த்தாமல் விட்டதற்கு, மராத்தியர், நிசாம், மைசூர் ஆகிய அரசுகளிடையே வலிமைச் சமநிலை பேணும் கொள்கையே காரணம் என்பர் வரலாற்றாசிரியர். அச்சமநிலைக்குத் திப்பு கொடுத்த விலை பாதி நாடும், மூன்று கோடியே முப்பது இலட்சம் ரூபாயும், பிணையாக இரு புதல்வரும். ஏழே ஆண்டுகளில், 1799 மே 4ஆம் நாள், கோட்டையும் வீழ்ந்தது, திப்புவும் மாண்டார். சமநிலை என்று ஒருவர் கூறும்போது, தராசின் முள்ளைப் பிடித்திருக்கும் கை எவருடையது என்று கேட்டறிவதே அறிவுடைமை. நம் வீட்டுத் தராசின் முள் பள்ளிக்கூட மதிப்பெண் பட்டியலின் கையில் இருக்கிறது.

அறிஞரும் தவறிய இடம்

‘பல மொழி பயின்றால் பிள்ளைக்குச் சுமையாகுமே’ என்பார்க்கு விடை கூறுதல் நம் கடன். இவ்வச்சம் ஒருகாலத்தில் அறிஞரிடையேயும் இருந்தது. வியப்பு என்னவெனில், அவர்களும் இதே சொல்லையே கையாண்டனர். ஜான் மக்னமாரா என்பார் அயர்லாந்துத் தொடக்கப் பள்ளிகளை ஆராய்ந்து 1966இல் வெளியிட்ட நூலில், ஒரு மொழியில் திறம் மிகுந்தால் மற்றொன்றில் திறம் குறையும் என்னும் கருத்தை முன்வைத்து, அதற்குப் ‘பேலன்ஸ் விளைவு’ என்று பெயரிட்டார். தராசு உவமை மொழியியலுக்குள் புகுந்த கதை இது.

அதற்கு நான்காண்டு முன்பே, 1962இல், கனடாவின் மொன்றியால் நகரில் எலிசபெத் பீல், வாலசு லாம்பர்ட் ஆகிய இருவரும் பத்து வயதுப் பிள்ளைகளிடம் ஆய்வு நடத்தியிருந்தனர். பிரெஞ்சும் ஆங்கிலமும் நன்கறிந்த பிள்ளைகள் ஒருமொழிப் பிள்ளைகளுக்குப் பின்தங்கவில்லை. அறிவுத் தேர்வுகளில் முந்தியே நின்றனர். பின்னர் ஜிம் கம்மின்ஸ் என்னும் அறிஞர், இரு மொழித் திறன்களும் தனித்தனித் தட்டுகளில் கிடப்பன அல்ல, அடியில் ஒரே ஊற்றினின்று பெருகுவன என்று நிறுவ முயன்றார். ஒரு மொழியில் ஆழ்ந்து படிக்கக் கற்ற பிள்ளை, அத்திறத்தை மற்றொரு மொழிக்கும் எடுத்துச் செல்கிறது என்பது அவர் கருத்து.

லாம்பர்ட் பின்னாளில் கூறிய எச்சரிக்கை ஒன்று நமக்கு மிகப் பொருந்தும். வீட்டு மொழியை மதித்துப் பேணிக்கொண்டே புதுமொழி கற்றால் அது கூட்டல். வீட்டு மொழி இழிந்ததென எண்ணி அதன் இடத்தில் புதுமொழி குடியேறினால் அது கழித்தல். கூட்டலா கழித்தலா என்பதைப் பிள்ளையின் மூளை முடிவு செய்வதில்லை. பெற்றோரின் மனம் முடிவு செய்கிறது.

இக்கருத்துகளை அறிய நாம் கடல் கடக்க வேண்டுவதுமில்லை. 1969 முதல் நம் மானசகங்கோத்திரியில் நடுவண் இந்திய மொழிகள் நிறுவனம் இயங்கி வருகிறது. அதன் முதல் இயக்குநராக விளங்கிய தேபி பிரசன்ன பட்டநாயக், பன்மொழிச் சூழலும் தாய்மொழிக் கல்வியும் பற்றி 1981இல் ஒரு நூல் வெளியிட்டார். பல மொழி வழங்குதல் இந்நாட்டின் நோயன்று, இயல்பு என்பதே அவர் வாழ்நாள் முழுதும் வலியுறுத்தியது. செம்மொழித் தமிழுக்கெனத் தொடங்கிய உயராய்வு மையமும் 2008இல் சென்னைக்குப் பெயரும் வரை அந்நிறுவனத்தின் நிழலிலேயே வளர்ந்தது. அத்தகைய ஊரில் இருந்துகொண்டு, தமிழ் சுமை என்று நாம் பேசுவது, ஊற்றங்கரையில் நின்று தாகத்தால் வாடுவது போன்றதே.

துலாவின் மற்றொரு பொருள்

தராசு பொருந்தாதெனில் வேறு எவ்வுவமை பொருந்தும்? விடை நம் சொல்லிலேயே இருக்கிறது. ‘துலா’ என்பது துலாக்கோலை மட்டும் குறிப்பதன்று. கிணற்றில் நீர் இறைக்கும் ஏற்ற மரத்தையும் குறிக்கும். யாழ்ப்பாணத்தார் துலா என்றே அதனை வழங்கினர். கன்னடத்தில் ஏற்றத்தை ‘ஏத’ என்பர். நீரேற்றுப் பாசனத்தை ‘ஏத நீராவரி’ என்றே இந்நாட்டு உழவர் இன்றும் கூறுகின்றனர். ஏற்றமும் ஏதமும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.

தராசுக்கும் ஏற்றத்துக்கும் வேற்றுமை யாது? இரண்டிலும் நடுவே ஒரு தாங்கல். இரு முனையிலும் எதிரெதிர் விசைகள். ஆனால் தராசின் தட்டுகள் ஒன்றையொன்று அளக்கின்றன; அளந்து முடிந்ததும் அசைவற்று நிற்கின்றன. ஏற்றத்தின் ஒரு முனையில் சால் தொங்கும். மறுமுனையில் பாரக்கல் இருக்கும், அல்லது ஆள் மரத்தின்மேல் நடந்து மிதிப்பார். அந்த எதிர்நிறை சாலோடு பகை கொண்டதன்று. அது தாழ்வதனாலேயே இது நீரோடு மேலெழுகிறது. எதிர்நிறை இல்லையேல், இறைப்பவர் தோள்வலி முழுவதும் சாலைத் தூக்குவதிலேயே தீர்ந்துபோகும். ஆங்கிலத்தில் இவ்வெதிர்நிறைக்குக் ‘கவுண்டர்பாய்ஸ்’ என்று தனிச்சொல் உண்டு. கடன் வாங்குவதெனில் அக்கருத்தையன்றோ நாம் வாங்கியிருக்க வேண்டும்? அதனை விட்டு மீதிச் சில்லறையை வாங்கி வந்தோம்!

வீட்டுத் தமிழ், பிள்ளையின் கன்னடத்துக்கும் ஆங்கிலத்துக்கும் அத்தகைய எதிர்நிறை. தேவராச மார்க்கெட்டில் கடைக்காரர் ‘தூக்க’ என்று எடையைக் கூறும்போது, ‘சீர்தூக்கு’ என்னும் சொல்லை அறிந்த பிள்ளை உடனே புரிந்துகொள்ளும். ‘சில்லறை’ என்று வீட்டில் கேட்ட பிள்ளைக்குச் ‘சில்லரெ’ புதுச்சொல்லன்று. தமிழறிந்த பிள்ளைக்குக் கன்னடம் பாதி வழி தானே நடந்து வரும். தமிழை நீக்கிவிட்டுக் கன்னடம் கற்பிப்பவர், பாரக்கல்லைக் கழற்றிவிட்டு நீர் இறைப்பவரே ஆவர்.

மைசூர் தரும் சான்று

இது வெறும் உவமை எனக் கருதுவார்க்கு ஒரு வரலாறு கூறுவோம். ஏ. கே. இராமானுசன் 1929இல் இம்மைசூரில் பிறந்தார். தந்தையார் மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர். மாடியில் தந்தையோடு ஆங்கிலம். கீழே அடுக்களையில் தாயோடு தமிழ். தெருவில் இறங்கினால் கன்னடம். இதுவே அவர் வளர்ந்த வீடு. அவர் கன்னடத்தில் கவிதை நூல்கள் இயற்றினார். ஆங்கிலத்திலும் கவிஞராகப் புகழ் பெற்றார். 1962இல் சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தின் நிலவறையில் பழந்தமிழ்த் தொகை நூலொன்று அவர் கையில் அகப்பட்டது. முறையாகச் சங்கத்தமிழ் பயிலாதிருந்த அவர், அன்று அதனை விடாது பற்றினார். 1967இல் குறுந்தொகைப் பாடல்களை ஆங்கிலத்தில் தந்தார். 1973இல் கன்னட வசனங்களையும் தந்தார். உலகம் சங்கப் பாடலை அறிந்ததற்கு ஒரு பெருங்காரணம், மைசூர் வீடொன்றின் அடுக்களைத் தமிழ். அத்தாயார் ‘பேலன்ஸ்’ கருதித் தமிழை நிறுத்தியிருந்தால் நேர்ந்திருக்கக்கூடிய இழப்பை எண்ணிப் பாருங்கள். அவர் கன்னடமும் ஆங்கிலமும் அதனால் கூடியிருக்குமா?

மாஸ்தி வெங்கடேச ஐயங்காரின் வீட்டு மொழியும் தமிழே. அவரே கன்னடச் சிறுகதையின் தந்தை எனப் போற்றப்பட்டு 1983க்குரிய ஞானபீடப் பரிசு பெற்றார். மொழிகள் ஒன்றையொன்று குடைசாய்க்கும் என்பார்க்கு இவ்விருவரும் விடையாவர்.

நம் மறுபக்கக் குறை

தமிழின் பக்கமே நின்று பேசிவிட்டால் நாமும் நடுவு நிலைமை தவறியவராவோம். நாற்பதாண்டு இந்நகரில் வாழ்ந்தும் கன்னடத்தில் நான்கு வரி எழுத இயலாதார் நம்முள் உளர். கன்னடச் செய்தித்தாளைப் புரட்டாதவர், கன்னட நாடகம் ஒன்றேனும் காணாதவர், அண்டை வீட்டாரோடு ஆங்கிலத்திலேயே உறவாடுபவர் உளர். அகப்பொருள் இலக்கணம் நற்றாயையும் செவிலித்தாயையும் தலைவிக்கு ஒருங்கே வைத்தது. இருவருள் எவர் அன்பு மிகுதி என்று தராசு பிடித்துப் பார்த்த புலவர் ஒருவரும் இலர். நமக்குத் தமிழ் நற்றாய்; கன்னடம் நம்மை இடுப்பில் சுமந்து சோறூட்டிய செவிலி. செவிலியை மதியாதவர் நற்றாய்க்குப் பெருமை சேர்ப்பவர் அல்லர். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நிற்பதைச் சமநிலை எனப் பெயரிட்டு ஏமாற வேண்டா. இரண்டிலும் ஊன்றாதவர் இரண்டிலும் வழுக்கி விழுவர்.

செய்யத்தக்கன

சட்டம் நமக்குத் தடையாக இல்லை. மொழிச் சிறுபான்மையர் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியில் தாய்மொழி வசதி செய்தல் பற்றி அரசியலமைப்பின் 350அ பிரிவு 1956 முதல் கூறி வருகிறது. கருநாடகத்து வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2014 மே 6ஆம் நாள் அளித்த தீர்ப்பு, பிள்ளையின் தாய்மொழி எது என்பதைப் பெற்றோரோ காப்பாளரோதான் முடிவு செய்வர் என்றது. 2015ஆம் ஆண்டின் சட்டத்தால் கன்னடம் பள்ளியிலேயே கிடைத்துவிடுகிறது; அதனை மகிழ்ந்து ஏற்போம். ஆங்கிலத்தை உலகமே ஊட்டுகிறது. தமிழை ஊட்டுவதற்கு நம் வீட்டைத் தவிர வேறு நாதியில்லை. முடிவு செய்யும் உரிமையை நீதிமன்றம் நம்மிடமே தந்த பின்னர், பள்ளியையும் அரசையும் காட்டித் தப்புவது எங்ஙனம்?

ஆகவே நாம் வேண்டுவன சிலவே. வீட்டு வாயிலுக்குள் தமிழே பேசுவோம். நாள்தோறும் அரைமணி நேரம், எஞ்சிய நேரத்தினின்று அன்று, முதலில் ஒதுக்கிய நேரத்தினின்று, தமிழ் எழுத்தும் படிப்பும் பயிற்றுவோம். எழுத்து இருநூற்று நாற்பத்தேழு என அஞ்ச வேண்டா; பன்னிரண்டு உயிரும் பதினெட்டு மெய்யும் கைவந்தால் பிற அவற்றின் குறிகளைப் பற்றிக்கொண்டே வரும். சங்கங்களும் ஆண்டுக்கொரு விழாவெடுத்து மாலை சூட்டிக் கலைவதோடு நில்லாமல், ஞாயிறுதோறும் ஒரு வகுப்பறையின் விளக்கை ஏற்றட்டும். அவ்வகுப்பறையின் மறு மூலையில் பெரியோர்க்குக் கன்னட வகுப்பும் நடக்கட்டும்.

ஐப்பசியைத் துலா மாதம் என்பர். அம்மாதப் பிறப்பன்று தலைக்காவிரியில் காவிரியன்னையின் வருகையைக் கண்டு வணங்குவோர் கன்னடம் பேசுவர். அம்மாதம் முழுதும் மயிலாடுதுறைத் துலாக் கட்டத்தில் முழுகுவோர் தமிழ் பேசுவர். இடையே நாம் இருக்கிறோம். நம் பிள்ளைகளின் இரு கைகளிலும் இரு தட்டைக் கொடுத்து அசையாமல் நிற்கச் சொல்லாதீர்கள். ஏற்றத்தின் கயிற்றைக் கொடுங்கள். அடுத்த பொங்கலுக்கு அப்பாட்டியார் வரும்போது, துபாஷி இல்லாமலே பேத்தி விடை கூறட்டும்.